கல்லோடு வந்தவர்களுக்குப் பெயர் சொன்னவர்

ஞாயிற்றுக்கிழமை காலை என் மீன் தொட்டிக் கல்லில் புதிதாக ஏதோ ஒன்று பழுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "சூசைராஜ் அண்ணே, இது யாருன்னு பாருங்க" என்று எழுதினேன். சற்று நேரத்தில் அவர் எண்ணிலிருந்து பதில் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஆவலாகத் திறந்தேன். "அப்பா நேத்து சாயங்காலம் இறந்துட்டாங்க. அடக்கம் இன்னைக்கு நாலு மணிக்கு, ஊர்லதான். மகள்" என்று இருந்தது. அதற்கு நேர் மேலே என் போட்டோ. அதை எடுத்துவிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. வேறொருவர் போன் செய்து சொன்ன பிறகுதான் அழித்தேன்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சூசைராஜ் அண்ணன் அன்னவாசலில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தியவர். பகலில் ஊராரின் ரத்தத்தைப் பார்த்த அதே மைக்ராஸ்கோப்பில் சாயங்காலம் எங்கள் தொட்டிகளில் கிடைத்ததையெல்லாம் பார்ப்பார். கடல் மீன் வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், லைவ் ராக் என்று நாம் வாங்குவது வெறும் கல் அல்ல. சிமெண்டில் செய்து கடல் நீரில் நெடுநாள் ஊறவைத்த கல். அதன் பொந்துகளில் புழு, நண்டு, பொடி நட்சத்திரமீன் என்று யார் யாரோ குடியேறி, கல்லோடு நம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அண்ணன் அவர்களை 'டிக்கெட் எடுக்காதவங்க' என்பார். அதில் எது நல்லது, எது தொட்டியையே காலி செய்யும் என்று பிரித்துச் சொல்ல இந்த மாவட்டத்தில் அவரை விட்டால் நமக்கு ஆள் கிடையாது.

என் தொட்டியில் கோமாளி மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது அவரிடம்தான் ஓடினேன். செத்த மீன் ஒன்றின் மேல் முள்மயிர்ப் புழுக்கள் மொய்த்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். எல்லாவற்றையும் இடுக்கியால் பிடுங்கிப் போடப் போகிறேன் என்றேன். "பொணத்துக்கிட்ட நிக்கிறவனெல்லாம் கொலைகாரன் இல்ல தம்பி. அவன் துப்புரவுக்கு வந்தவன். பேரு தெரியுற வரைக்கும் யாரையும் கொல்லாதீங்க" என்றார். ஒரு கண்ணாடி டம்ளரில் இறால் துண்டைப் போட்டுக் கல்லில் சாய்த்து வைக்கச் சொன்னார். மறுநாள் அதற்குள் உடம்பெல்லாம் மயிராக, கொடுக்கு நுனி கறுத்த நண்டு ஒன்று, ஏறி வர முடியாமல் உட்கார்ந்திருந்தது. அதையும் கொல்ல விடவில்லை. அது நண்டின் பிழைப்பு என்று சொல்லி, தனி டப்பாவில் போட்டுத் தன் வீட்டுக்கு வாங்கிப் போய்விட்டார்.

ஒருமுறை குழுவில் ஒருவர் தன் கல்லில் அழகான பூ ஒன்று முளைத்திருப்பதாகவும் தினமும் அதற்குத் தீனி கொடுப்பதாகவும் பெருமையாக எழுதினார். அது பூவே அல்ல, தொட்டி முழுக்கப் பரவி மற்றதையெல்லாம் கொட்டிச் சாகடிக்கும் பிராணி. நாங்கள் அத்தனை பேரும் சிரித்து உருண்டோம். அண்ணன் மட்டும், தானும் அதையே ஆறு மாதம் ஊட்டி வளர்த்தவன்தான் என்று எழுதி எங்கள் வாயை அடைத்தார். அது உண்மையா, அந்த மனிதரைக் காப்பாற்றச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த வருடத்தில் அவர் வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்புவது நின்றுபோய், இரண்டு மூன்று சொற்களாக எழுதிப் போடத் தொடங்கினார். எனக்கு அது குறையாக இருந்தது. முன்பு மாதிரி விளக்கமாகச் சொல்லுங்கள் அண்ணே என்று கேட்கவும் செய்தேன். "டைப் பண்ண நேரமாகுது தம்பி, பொறுத்துக்கங்க" என்று பதில் போட்டார். கடைசியாக அவரே ஒரு போட்டோ போட்டார். அவருடைய கல்லின் மூலையில் வெள்ளையாக ஒரு பொட்டு. தனக்கே பிடிபடவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றிருந்தார். கடற்பஞ்சா, குழாய்ப்புழுவின் கூடா என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டோம். அந்த மூலையை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, குழாய்ப்புழுதான் என்று நான் தீர்ப்பே எழுதினேன்.

அடக்கத்துக்கு ஆவூர்ப் பக்கம் அவர் சொந்த ஊருக்கு பஸ்ஸில் போகும்போது அந்தப் போட்டோவை மறுபடி எடுத்தேன். அன்றைக்குத்தான் பெரிதாக்காமல் முழுதாகப் பார்த்தேன். தொட்டிக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். தலைமாடு உயர்த்திய கட்டிலில் சாய்ந்தபடி, பாதியாக இளைத்து, போனைப் பிடித்திருந்தார். மூக்கில் டியூப். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். நான் புதுக்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறவன், அந்த மெஷினை வாடகைக்கு விடுகிறவன். அவர் எதையும் மறைக்கவில்லை. நம்மில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்குமளவுக்கு எனக்கு முகம் மாறிப்போயிருந்தது.

அடக்கம் முடிந்து வீட்டு வாசலில் நின்றேன். மகள் வந்து, "நீங்க அப்பாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டது. மீன் தொட்டிப் பழக்கம் என்றேன். அந்தப் பதில் எனக்கே அசிங்கமாக இருந்தது. உள்ளே உறவுக்காரப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அவர் மனைவி என் குரலைக் கேட்டு நிமிர்ந்தார்.

"புதுக்கோட்டை மருந்துக்கடைத் தம்பிதான? ஒங்க வீட்டுல முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு இப்ப நடக்குறாங்களா? கேக்கணும் கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. போன்ல பேச மூச்சு வரல."

என் மனைவிக்கு ஆபரேஷன் என்று நான் குழுவில் சொன்னது ஒரே ஒரு தடவை. அதுவும் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற முடியாததற்குக் காரணமாகச் சொன்னது. "நடக்குறாங்கக்கா" என்றேன். அதற்கு மேல் நிற்க முடியாமல் கைகூப்பிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணனின் கற்களை யார் யார் எடுத்துக்கொள்வது என்று குழுவில் பேச்சு நடக்கிறது. யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். போட்டோவில் அவர் உருவம் அவ்வளவு சின்னதாகத்தானே தெரிந்தது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சிலர் நல்ல மனதோடு எனக்கு ஆறுதல் எழுதுகிறீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். அவர் வீட்டு வாசலில் நான் நின்றபோது பட்ட வெட்கம்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வந்தது. அது என்னிடமே இருக்கட்டும்.