டோக்கெலாவுக்குப் போகிறவர்கள் எள் கொண்டுபோகாதீர்கள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேர் மைசூரில் இருக்கிறார்கள். கடைசி மகன் முருகேசன், சூரிய மின்தகடு பொருத்தும் வேலைக்கு பசிபிக் கடலில் உள்ள டோக்கெலாவ் தீவுக்குப் போனான். போன வருடம் அவன் மீன்பிடிக்கப் போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"அங்கேயே காரியத்தை முடிச்சுட்டு வந்துடும்மா" என்றான் பெரியவன். மகள் வயிற்றுப் பேத்தி தீபா துணைக்கு வந்தாள்.

முதல் நாள், காலை ஆறு மணி. மைசூர் மண்டி மொஹல்லாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்கு டாக்ஸி நாலாயிரம் ரூபாய்.

"எங்கம்மா, துபாயா?" என்றார் ஓட்டுநர்.

"அதுக்கும் அந்தாண்டை."

"அங்க பில்டர் காபி சிக்குமா?"

"பொடி என் பையில இருக்குதப்பா."

மூன்றாம் நாள், ஆக்லாந்து. பையில் இருப்பதை ஒளிக்காமல் சொன்னதால் அபராதம் இல்லை. ஆனால் எள்ளையும் தர்ப்பையையும் எடுத்துக்கொண்டார்கள். "இந்தப் புல் எதற்கு?" என்று அதிகாரி கேட்டாராம். "பிள்ளைக்கு" என்றேன். தீபா அதை அவருக்குச் சொல்லவில்லை.

டோக்கெலாவில் விமான நிலையம் இல்லை. சமோவாவின் அபியா ஊரிலிருந்து கப்பல்தான். ஐந்நூறு கிலோமீட்டர், ஒரு நாளுக்கு மேல் ஆகும். அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். பணம் எடுக்கும் இயந்திரம் கிடையாது. நியூசிலாந்து டாலரைக் கையோடு கொண்டுபோங்கள். துறைமுகமும் இல்லை. கப்பலிலிருந்து ஏணியில் சின்னப் படகுக்கு இறங்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

மகன் தங்கியிருந்த சீனா என்ற அம்மாளின் வீட்டிலேயே தங்கினோம். காலையில் அவனுக்கென்று சோறு வைத்தேன். அந்தத் தீவில் காகமே இல்லை. சோறு வைத்தபடியே கிடந்தது.

மறுநாள், பிற்பகல் மூன்று மணி. அன்று பிடித்த மீனைக் கரையில் தலைக்கு இவ்வளவு என்று கூறுபோட்டார்கள். ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள். நடுவில், "முலுகேசா!"

எல்லோரும் மீனைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்கள். சீனா எழுந்துபோய் அந்தக் கூறை எடுத்துவந்தாள்.

"அஜ்ஜி, ஒரு வருஷமா இப்படித்தான் கூப்பிடறாங்களாம்" என்றாள் தீபா. "மாமா பேரை எடுக்க இவங்களுக்கு மனசு வரலையாம். அவரோட அம்மா வந்து சொல்லட்டும்னு இருந்தாங்களாம். நீ சொன்னா நிறுத்திடுவாங்களாம்."

சீனா என் முகத்தையே பார்த்தாள். கப்பல் வர இன்னும் நான்கு நாள் இருந்தது.

கிளம்பும் நாள், அதே மூன்று மணி. படகில் ஏறும் முன் சீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கூப்பிடுங்க" என்றேன். இதைத் தீபா ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கப்பலுக்குப் பாதி வழியில் படகின் இயந்திரம் நின்றது. கரையிலிருந்து குரல் வந்தது: "முலுகேசா!" படகை ஒட்டி, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். ஆமை என்றார் படகுக்காரர். இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவன், "முடிஞ்சுதாம்மா?" என்றான். இல்லை என்றேன். இந்த வீட்டில் ஒரு வருடமாக அவன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தீபா, உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும், பரவாயில்லை. நான் எழுதிய இதை முதலிலிருந்து சத்தமாகப் படி. அவன் பெயர் வரும் இடத்தில் மட்டும் முணுமுணுக்காதே. கூடத்தில் இருக்கிற உன் பெரிய மாமாவுக்குக் கேட்க வேண்டும்.