வலது கையைக் கட்டிக்கொள்ளும் ஹெலன்

துப்பட்டாவின் ஒரு முனையை வலது மணிக்கட்டில் சுற்றி, மறு முனையைப் பல்லால் கடித்து இறுக்கி, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டாள் ஹெலன். எதிரில் இருப்பவர் இடது கையால் வேலை செய்பவர் என்றால் அவள் இப்படித்தான். "எனக்கு ரெண்டு கையும் கீதுன்னா உங்க கஷ்டம் எப்டித் தெரியும்?" என்பாள்.

புதுப்பட்டினத்தில் வீடு. ஒரு ஸ்கூட்டர், முதுகுப் பையில் நாலைந்து மவுஸ், ஒரு கீபோர்டு. அணுபுரம் குடியிருப்பிலிருந்து மாமல்லபுரத்து விடுதிகள் வரை, லினக்ஸ் போட்ட பழைய கணினி எங்கே முரண்டு பிடித்தாலும் ஹெலனுக்குத்தான் போன். போனதும் கையைப் பார்ப்பாள். விரல் நீளம், நடுக்கம், மோதிரம் எல்லாம் பார்த்த பிறகுதான் அம்புக்குறியின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். தையற்காரி அளவெடுப்பது மாதிரி. ஆயுத பூஜைக்கு மறுநாள் மட்டும் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பாதி ஊர், மவுசின் அடியில் எரியும் சிவப்பு விளக்குக்கும் சந்தனம் பூசி வைத்திருக்கும். "பொட்ட முதுகுல வைங்கப்பா, கண்ணுல வெக்காதீங்க" என்று திட்டிக்கொண்டே பஞ்சால் துடைப்பாள்.

அன்று அவள் கையைக் கட்டிக்கொண்டது தெய்வநாயகிக்காக.

திருக்கழுக்குன்றத்தில் ஒரு கேஸ் ஏஜென்சி. அங்கே இருபத்திரண்டு வருடமாக சிலிண்டர் பதிவு செய்கிறவள் தெய்வநாயகி. சென்ற வருடம் பக்கவாதம் வந்து வலது கையைச் சுருட்டிப் போட்டுவிட்டது. மூன்றே மாதத்தில் இடது கையைப் பழக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். வந்த வேளையோ என்னவோ, ஒருவர் பெயரில் இன்னொருவர் முகவரி பதிவாக ஆரம்பித்தது. சிலிண்டர்கள் வீடு மாறிப் போயின. மேனேஜர் ஜானகிராமன் கெட்டவர் இல்லை. ஆனாலும் அத்தனை பேர் எதிரில் சொல்லிவிட்டார்: "ஏம்மா, கையோட மூளையும் குழம்பிடுச்சு போல. திங்கக்கிழமைலருந்து டோக்கன் குடுக்க உக்காந்துக்க."

கை போனபோது அழாதவள் அன்று அழுதாள். கை போகட்டும், புத்தி போய்விட்டது என்று ஊர் பேசினால் எந்தப் பெண்ணால் தாங்க முடியும்? ஏற்கெனவே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியாமல் தினமும் கட்டைவிரலை மையில் ஒற்றிக்கொண்டிருப்பவள். அவளே ஹெலனுக்குப் போன் போட்டு ஆபீசுக்கு வரவழைத்தாள்.

"நா பைத்தியமாடி, ஹெலனு?"

"தெர்லக்கா. நீ செய்றதயே செஞ்சு பாக்கறேன், அப்பால சொல்றேன்."

இடது கையை மவுசின்மேல் வைத்து, தெய்வநாயகி சொல்லச் சொல்ல ஹெலன் ஒவ்வொன்றாகச் செய்தாள். பழைய பதிவைத் திறந்தாள். டெலிவரி ஆளுக்குப் போனில் படித்துக் காட்ட வசதியாக, மவுசை இழுத்து முகவரியை நீலமாக்கினாள். அடுத்த பதிவுக்கு வந்தாள். ஏழாவது பதிவில் பழகாத விரல் சறுக்கி, நடுச் சக்கரத்தின்மேல் அழுந்தியது. காலியாக இருந்த கட்டத்தில், யாரும் தட்டாமலே, முந்தைய பதிவில் நீலமாக்கிய முகவரி வந்து உட்கார்ந்தது.

சக்கரத்தை அமுக்கினாலே, கடைசியாக நீலமாக்கிய எழுத்தை ஒட்டிவிடுவது லினக்ஸின் வழக்கம். வலது கைக்காரர்களின் விரல் அங்கே அழுந்தாததால், அந்த ஆபீசில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

ஹெலன் சக்கரத்தைச் சுண்டினாள். "பைத்தியம் இங்க கீதுக்கா."

தெய்வநாயகி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஒற்றைக் கையாலேயே ஹெலன் மூன்று எண்களைத் தட்டினாள். மூன்று, சைபர், ஒன்று. இடது பொத்தானும் வலது பொத்தானும் இடம் மாறின. சக்கரத்தின் அமுக்கலுக்குச் சைபர், அதாவது இனி வேலையில்லை. அதைக் கணினி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் படிக்கிற கோப்பில் எழுதி வைத்தாள். பிறகு ஜானகிராமனைக் கூப்பிட்டாள். "அணைச்சுப் போடுங்க சார். அப்பறம் அக்காவ வேல செய்யச் சொல்லுங்க."

அவர் அணைத்துப் போட்டார். தெய்வநாயகி இருபது பதிவு செய்தாள், நிமிர்ந்து உட்கார்ந்து, ஒருவரையும் பார்க்காமல். ஜானகிராமன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒரு பிழை இல்லை. சந்தேகம் தீராமல் மவுசைத் தாமே வாங்கி வலது கையால் அமுக்கினார். எதை அமுக்கினாலும் வேறு எதுவோ திறந்தது.

"என்னம்மா இது, எனக்கு வர மாட்டேங்குது?"

"உங்க கைக்கு வெச்சது இல்ல சார் அது" என்றாள் தெய்வநாயகி. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் குரலில் அந்தப் பழைய மிடுக்கு.

அவர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, திங்கக்கிழம உன் சீட்டுலயே உக்காரு." அன்றைய வருகைப் பதிவேட்டை அவள் முன் நகர்த்தினார். பழக்கத்தில், மைப்பெட்டியையும் திறந்து வைத்தார்.

ஹெலன் மைப்பெட்டியை மூடினாள். வலது கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. இடது கையால் பேனாவை எடுத்து, பல்லால் மூடியைக் கழற்றி, பதிவேட்டின் இடப்பக்கமாக வைத்தாள்.