ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து செம்பாக்கத்துக்குத் தண்ணீரோடு நடந்த நாள்

காலை ஏழு மணிக்கு அஸ்தினாபுரத்திலிருந்து புறப்பட்டோம். நானும் பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சரும். கையில் ஒரு குடை, ஒரு தூக்கில் தயிர்சாதம், டீச்சரிடம் ஒரு மூங்கில் கழி. போக வேண்டிய தூரம் மூன்று மைல்கூட இருக்காது. ஆனால் அந்த வழியில் அதற்கு முன்பு நாங்கள் போனதில்லை, எங்களுக்குத் தெரிந்து தெருவில் வேறு யாரும் போனதில்லை. அது மனிதர் போகிற வழி அல்ல, தண்ணீர் வருகிற வழி.

எழுபதுகளின் தொடக்கம் அது. மே மாதம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொன்னார்கள். சொன்னபடியே மூன்று நாள் மழை கொட்டியது. கோடையில் அப்படி ஒரு மழையை நான் தாம்பரத்துக்குக் குடி வந்த பிறகு பார்த்ததில்லை. அதற்கு முன் இரண்டு மாதமாக எங்கள் தெருப் பொதுக்கிணற்றில் வாளி விட்டால் தரையைத் தட்டும் சத்தம்தான் மேலே வரும். விடிவதற்குள் எழுந்து போனால் கலங்கலாக அரை வாளி கிடைக்கும். நான் அதைத் துணியில் வடிகட்டிவிட்டு, குளித்தும் குளிக்காமலும் ரயில் ஏறி ஆபீஸ் போவேன். எங்கள் கிணறுகளெல்லாம் செம்பாக்கம் ஏரியை நம்பியவை. ஏரியில் தண்ணீர் நின்றால் கிணற்றில் ஊறும். நிற்காவிட்டால் இல்லை.

மழை விட்டதும் எல்லோரும் குடத்தைக் கழுவி வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தோம். நடுவில் ஒரு குட்டை. அவ்வளவுதான். எருமைகள் அதில் முழுதாக முங்கக்கூட முடியவில்லை.

பால் கொண்டுவரும் தேவராஜ்தான் மறுநாள் விடிகாலையில் விஷயத்தை உடைத்தார். அவர் ஊர் ஊராகச் சைக்கிளில் போகிறவர். எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்பதை ரேடியோ செய்தி மாதிரி வரிசையாகச் சொல்வார்.

"சேலையூர் ஏரி தளும்புதும்மா. மாடம்பாக்கம் முக்காவாசி. ராஜகீழ்ப்பாக்கத்துல ஏரி நெறஞ்சி கலங்கல் தாண்டி வழிஞ்சி ஓடுது, மீன் துள்ளுது. உங்க ஏரிதான் இப்படிக் காஞ்சி கெடக்குது."

"ராஜகீழ்ப்பாக்கத்துல வழியற தண்ணி இங்கதானே வரணும்?" என்றார் ரெஜினா டீச்சர்.

"வரணும். வரலியே."

தெரு ஆண்கள் பஞ்சாயத்துக்கு மனு கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று பேசினார்கள். அன்று சனிக்கிழமை. டீச்சர் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை, நாற்பது வயது, தனி ஆள். அவருக்குக் கோடை விடுமுறை. எனக்கு அன்று லீவு. "திங்கட்கிழமைக்குள்ள அந்தத் தண்ணி பள்ளிக்கரணை சதுப்புக்குப் போயிடும், சரோஜா. வா, எங்க தொலைஞ்சு போகுதுன்னு பார்த்துட்டு வருவோம்" என்றார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஏரியின் தென்கரைப் பக்கம் வரத்துக் கால்வாய் வந்து சேரும் வாய் இருக்கிறது. வாய் என்று பெயர்தான். இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள் அடர்ந்து, அடியில் ஈர மணல். மழைத் தண்ணீர் அங்கங்கே கணுக்கால் அளவு தேங்கியிருந்தது, ஓடவில்லை. நாங்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கி மேல்நோக்கி நடந்தோம். டீச்சர் கழியால் முள்ளை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனார். சேலை கிழிந்தது, திட்டிக்கொண்டே பின்னால் போனேன். ஒரு சாரைப் பாம்பு எங்களைப் பார்த்துவிட்டு அவசரமில்லாமல் கரையேறிப் போயிற்று. பிறகு பனைமரங்கள், ஒரு காலத்தில் மாடு கட்டி இறைத்துப் பாழடைந்துபோன கவலைக் கிணறு ஒன்று, வெயிலில் துணி உலர்த்தும் வண்ணார் குடும்பம் ஒன்று. "இந்தப் பக்கம் எங்கம்மா போறீங்க?" என்று அந்தக் குடும்பத்துப் பெண் கேட்டாள். "தண்ணியைத் தேடி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "கெடச்சா எங்களுக்கும் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

எட்டரை மணிக்குத் தாம்பரம் - வேளச்சேரி சாலைக்கு வந்துவிட்டோம். சாலைக்கு அடியில் கால்வாய்க்காக ஒரு சிறுபாலம். அதன் வாயில் முள்ளும் தென்னை மட்டையும் வைக்கோலுமாக அடைத்திருந்தது. இதுதான் காரணம் என்று நினைத்தேன். ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கமும் தண்ணீர் இல்லை. சாலையோரக் கடையில் ஆளுக்கொரு டீ குடித்தோம், பதினைந்து காசு. கடைக்காரர் எங்கள் சேலைகளில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சூடாக ஊற்றிக் கொடுத்தார்.

சாலையைத் தாண்டி அரை மைல் போயிருப்போம். தண்ணீரை முதலில் கேட்டோம், அப்புறம்தான் பார்த்தோம். கால்வாய்க்குக் குறுக்கே செம்மண் கொட்டி ஒரு பாதை போட்டிருந்தார்கள். இடுப்புயரம், ஒரு லாரி போகும் அகலம். புதிதாக மனை பிரித்த இடம். சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தன. ஏதோ நகர் என்று பலகை. பாதையின் அந்தப் பக்கம் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வரும் தண்ணீர் முட்டி நின்று, வழி தெரியாமல் பக்கவாட்டில் இறங்கி, மனைகளில் பாதியை மூழ்கடித்துவிட்டு, அதற்கும் கீழே தாழ்வான இடத்தில் இருந்த குடிசைகளுக்குள் போய்க்கொண்டிருந்தது.

பத்துப் பன்னிரண்டு குடிசைகள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களுடையவை. பானை, பாய், சட்டி எல்லாவற்றையும் ஒரு கட்டை வண்டிமேல் ஏற்றி வைத்துவிட்டு ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்றாள். பெயர் கன்னியம்மா. முப்பது வயதிருக்கும்.

"மூணு நாளா இதே பேஜார்க்கா. சூளையில சுட அறுத்து வச்ச பச்சக் கல்லு பூரா கரைஞ்சி போச்சி. வூட்டுக்குள்ள தவள குதிக்குது" என்றாள்.

எனக்கு அந்த இடத்தில் நிற்கவே என்னவோ போலிருந்தது. இரண்டு மாதம் நாங்கள் எந்தத் தண்ணீருக்காக ஏங்கினோமோ அது இவர்கள் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது.

"இந்தப் பாதையை வெட்டிவிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"வெட்டலாம். எங்க ஆளுங்க கைல மம்பட்டி கீது. அந்த வாச்மேன் வுட மாட்டேங்கறான். போலீசுக்குச் சொல்லுவேன்றான். ஏழைங்க நாங்க வெட்டினா கேசு. நீங்க சொல்லிப் பாருங்க."

வாச்மேன் முனுசாமி பாதைமேல் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. "என்னிய இன்னா பண்ணச் சொல்றீங்க டீச்சரம்மா? பாதையில கை வச்சா மொதலாளி என் சீட்டக் கிழிச்சிடுவாரு. இன்னிக்கு மனை பாக்க ஆளுங்கள இட்டுகினு வராரு. அவராண்ட பேசிக்குங்க" என்றார்.

"பேசிக்கிறோம்" என்று டீச்சர் அந்தப் பாதைமேலேயே குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். கன்னியம்மாவும் வந்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் குடிசைப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். தயிர்சாதத்தை எடுத்தோம், அவர்கள் கருவாடு கொண்டுவந்தார்கள். ஆண்கள் மண்வெட்டியோடு கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

பதினோரு மணி வாக்கில் அம்பாசடர் கார் வந்தது. முன்சீட்டிலிருந்து வெள்ளைச் சட்டையில் மனைக்காரர் இறங்கினார். பின்சீட்டிலிருந்து மாம்பலத்திலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் மனைக்காரர் முகம் சுருங்கியது. ஆனால் வாங்க வந்தவர்களுக்கு முன் அதட்ட முடியவில்லை. கையை நீட்டி, "கிழக்குப் பார்த்த மனை சார், ஏரி பக்கம், தண்ணிக்குப் பஞ்சமே வராது" என்றார்.

அந்த அம்மாள் நீரில் முழுகி உச்சி மட்டும் தெரிந்த கற்களைப் பார்த்தார். "ஏங்க, இங்க வீடு கட்டினா கூடவே படகும் வாங்கணும் போலிருக்கே" என்றார் கணவரிடம். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க இந்த ஊரா? இங்க எப்பவுமே இப்படித்தான் தண்ணி நிக்குமா?"

டீச்சர் எழுந்தார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நானும் எழுந்துவிட்டேன். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த மனை விற்காது. மனைக்காரருக்கும் அது தெரிந்திருந்தது.

"நிக்காதுங்க" என்றார் டீச்சர். "இது கால்வாய். நாம நிக்கிற இந்தப் பாதை அதை அடைச்சிருக்கு. இதைத் திறந்துவிட்டா சாயங்காலத்துக்குள்ள உங்க மனையும் காயும், இவங்க வீடும் காயும், எங்க ஏரியும் நிரம்பும்."

அந்த அம்மாள் யோசித்தார். மாம்பலத்து வெயிலில் வரிசையில் நின்று குடம் தூக்கியவராகத்தான் இருக்க வேண்டும். "அப்படின்னா திறந்து காட்டச் சொல்லுங்க. நாங்க இருந்து பார்த்துட்டே போறோம்" என்று காரின் கதவைத் திறந்துபோட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

மனைக்காரர் எங்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார். "முனுசாமி, வெட்டச் சொல்லு. பின்னால சிமெண்டுக் குழாய் போட்டு மேல பாதை போட்டுக்கலாம்."

எட்டு மண்வெட்டிகள் ஒரே சமயத்தில் விழுந்தன. முனுசாமியின் மண்வெட்டி ஒன்பதாவது. நாங்கள் கூடையில் மண்ணை அள்ளிக் கைமாற்றினோம். எனக்குப் பழக்கமில்லை, உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. முதலில் ஒரு விரல் பருமன் தண்ணீர் வந்தது. பிறகு அது தானே மண்ணைக் கரைத்துக்கொண்டது. "எல்லாம் மேல வாங்க" என்று கன்னியம்மாவின் கணவர் ஏழுமலை கத்தவும், பாதையின் நடுப்பகுதி மொத்தமாகச் சரிந்து தண்ணீர் பழுப்பு நிறத்தில் புரண்டு இறங்கவும் சரியாக இருந்தது. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பெண்கள் அழுதார்களா, வேர்வையா என்று தெரியாது.

"வா சரோஜா, அது நமக்கு முன்னால போயிடப் போகுது" என்றார் டீச்சர்.

"நானும் வரேன்" என்று கன்னியம்மா முந்தானையைச் செருகினாள். "என்னிய வூட்ட வுட்டுத் தொரத்தின தண்ணி எங்க போயி குந்துதுன்னு பாக்கணும்."

திரும்பும் வழியெல்லாம் தண்ணீரோடு சேர்ந்து நடந்தோம். நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முதல் நூறு கஜம் அது எங்களைவிட வேகம். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று நிரம்பி, அப்புறம் விளிம்பைத் தாண்டி அடுத்ததற்குப் போயிற்று. முன்னால் நுரையும் சருகும் புளியங்கொட்டையும். எறும்புகள் கூட்டமாகக் கரையேறின. மண் மழையில் ஊறியிருந்ததால் குடித்துத் தீர்க்கவில்லை. சிறுபாலத்தில் மட்டும் தேங்கிவிட்டது. சாலைமேல் ஏறும்போலிருந்தது. டீச்சர் கழியை விட்டுக் குத்தினார். கன்னியம்மா இறங்கி முள்ளைப் பிடித்து இழுத்தாள். தாம்பரம் பஸ் ஒன்று நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா பண்றீங்க?" என்று கேட்டார். சொன்னோம். அவரும் கண்டக்டரும் நாலு பயணிகளும் இறங்கி வந்து ஒரு கயிற்றைக் கட்டி இழுத்ததில் அடைப்பு மொத்தமாக வெளியே வந்து விழுந்தது. கண்டக்டர் முழங்கை எல்லாம் முள் கீறல். அப்படியே விசில் ஊதிக்கொண்டு போனார். டீக்கடைக்காரர் இந்தத் தடவை காசு வாங்கவில்லை.

வண்ணார் குடும்பத்துப் பெண் தண்ணீர் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். உலர்த்திய துணிகளை அள்ளிக்கொண்டு கரையில் நின்றாள். அது அவள் காலடிக்கு வந்தது. பிறகு குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்குச் செம்பாக்கம் ஏரிக்கு வந்தோம். சேதி எங்களுக்கு முன்னாலேயே போயிருந்தது, பஸ்ஸில் போனவர்கள் சொல்லியிருக்க வேண்டும். கரையில் ஊரே நின்றது. தண்ணீர் கால்வாய் வாயில் ஒரு கணம் தயங்கினாற்போல் அகன்று, வெறுமையாகக் கிடந்த ஏரித் தரைமேல் விசிறி மாதிரி விரிந்தது. எருமைகள் எழுந்து நின்று பார்த்தன. மனு எழுதத் தாள் வாங்கி வைத்திருந்த எங்கள் தெரு சாமிநாதன் சார் செருப்போடு சேற்றில் இறங்கிவிட்டார். யாரோ சூடம் கொளுத்தினார்கள். ரெஜினா டீச்சர் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் கொண்டுவந்தது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

அன்றிரவும் அடுத்த நாளும் தண்ணீர் நிற்காமல் வந்தது. ஒரு வாரத்தில் எங்கள் கிணற்றில் ஆள் உயரத்துக்கு ஊறியது. அந்தக் கோடையில் எங்கள் தெரு அதற்குப் பிறகு விடியலில் வரிசையில் நிற்கவில்லை. மனைக்காரர் சொன்னபடி குழாய் போட்டார். மாம்பலத்து அம்மாள் அங்கே வீடு கட்டிக்கொண்டு வந்தார்.

பின்னால் நான் காசிக்குப் போனேன், கொள்ளிடத்தைப் பார்த்தேன், குற்றாலத்தில் நின்றேன். அங்கெல்லாம் தண்ணீர் நான் போவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது, நான் கிளம்பி வந்த பிறகும் ஓடியிருக்கும். வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்று மைல் போன அந்தச் சனிக்கிழமையைத்தான் பயணம் என்று யாராவது கேட்டால் முதலில் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் வெயில் தணிந்ததும் ஏரிக்கரையிலிருந்து கன்னியம்மா எழுந்தாள். அடுப்பு மேடு காய்ந்திருக்கும், போய் மெழுக வேண்டும் என்றாள். பஸ்ஸில் போகச் சொன்னோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கால்வாய்க் கரையிலேயே நடந்தாள். அவள் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.