அவள் எங்கே என்று சொன்னது நான்தான்

பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு ஓயாத வயிற்றுவலி. சாப்பாடும் குறைந்துவிட்டது. கரமனையிலிருந்து பஸ் ஏறி, அவளைக் குழந்தையிலிருந்தே பார்க்கும் டாக்டரிடம் போனோம். அவளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் வழக்கம்போல நானே பதில் சொன்னேன்.

"அம்மா கொஞ்சம் வெளியில இருக்கணும் கேட்டோ. இந்த வயசுக் குட்டிகள்கிட்ட நான் தனியாத்தான் பேசுவேன்" என்றார் டாக்டர், மலையாளம் கலந்த தமிழில். எனக்குக் கோபம் வந்தது. பெற்றவளுக்குத் தெரியாமல் அப்படி என்ன இருக்கிறது?

திரும்ப அழைத்தபோது மகளின் சட்டையின் முழுக்கை மேலே சுருட்டப்பட்டிருந்தது. தோளுக்குக் கீழே விரல்கள் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது.

"யாருடி பண்ணினா?" என்று கத்தினேன்.

எங்கள் தெருப் பையன். இருவரும் பழகியிருக்கிறார்கள். இவள் விலகப் பார்த்ததும், போகுமிடமெல்லாம் வழிமறித்திருக்கிறான்.

"அவன் கேக்கறச்சே எல்லாம் நான் எங்க இருக்கேன்னு நீதானேம்மா சொன்னே?"

"மாமி, டியூஷன் போயிட்டாளா? எப்போ வருவா?" என்று போனில் கேட்பான். தெரிந்த பையன், அக்கறையாக விசாரிக்கிறான் என்று நினைத்து நேரம், வழி எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் சொன்ன கவுன்சிலரிடம் போய்வருகிறோம். போன் அடித்தால் மகள் இன்னும் நடுங்குகிறாள். இப்போதெல்லாம் டாக்டர் சொல்லும் முன்பே நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அவள் எங்கே என்று என் கூடப்பிறந்த தம்பி கேட்டால்கூட வாயைத் திறப்பதில்லை.

போகுமிடத்தை அவள் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். என்னிடம் இன்னும் சொல்வதில்லை.