பாதி மறைந்த லாரி

வாலிநோக்கத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஒருநாள் காலை மதினியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு உப்பளச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டிப் போனேன். பாத்திகளில் வானம் அசையாமல் கிடந்தது. திடீரென்று பார்வையின் இடது ஓரத்தில் வெள்ளிக்கோடு ஒன்று நெளிந்து மினுங்கியது. முன்பும் இரண்டு தடவை இப்படி மினுங்கியிருக்கிறது. உப்பில் பட்ட வெயிலில்தான் கண் கூசுகிறது என்று நினைத்து, அந்த அழகில் லயித்தபடியே ஓட்டினேன்.

“ஏய் செல்வி, லாரி நிக்கிதுடி! நிப்பாட்டு!” என்று மதினி அலறினார்.

பிரேக் பிடித்த பிறகும் எனக்குப் பாதி லாரிதான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் மதினியின் முகத்திலும் பாதி இல்லை. பார்வை போய்விட்டது என்று அழுதேன். அரை மணி நேரத்தில் எல்லாம் தெளிந்து, தலைவலி பிடித்துக்கொண்டது. மறுநாள் மாதவிலக்கு வந்தது.

ராமநாதபுரத்தில் கண் டாக்டர் சோதித்துவிட்டு, “கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. இது ஒற்றைத் தலைவலிக்கு முன்னாடி வர்றது. இதுக்கு முந்தி வந்தப்பவும் மாதவிலக்கை ஒட்டித்தான் வந்துச்சா?” என்று கேட்டார். யோசித்தால், முன்பு வந்த அந்த இரண்டு தடவையும் அப்படித்தான். நான்தான் வெயில்மேல் பழி போட்டிருக்கிறேன்.

இப்போது காலண்டரில் தேதியைக் குறித்துவைத்து, அந்த நாட்களில் பஸ்ஸில் போகிறேன். மினுக்கம் தொடங்கினால் கண்ணை மூடிக்கொண்டு, அது அணையும்வரை கண்டக்டர் ஊர்ப்பெயர்களைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.