ஒற்றைக் கை

பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் எங்கள் கிளப். பலகையின் மேல் நின்றபடி பாயைக் கையில் பிடித்துக்கொண்டு காற்றோடு போகிற விண்ட்சர்ஃபிங் விளையாட்டு, தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் பலருக்குப் பெயர்கூடத் தெரியாது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. மயிலாப்பூரில் அம்மா தினமும் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள். "ஒரு ஞாயித்துக்கிழமையாவது ஆத்துல இருக்கியா? வெயில்ல கறுத்துண்டே போறே. நாளைக்கு எவன் வருவான்?"

எவனும் வர வேண்டாம் என்றுதான் இருந்தேன். கிளப்பில் சேர்வதுதான் பெரும்பாடாக இருந்தது. மிதவை வரை நீந்திப் போய்த் திரும்ப வேண்டும், பழைய உறுப்பினர் இருவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நீந்திவிட்டேன். ஒரு கையெழுத்தும் கிடைத்தது. இன்னொன்றுக்கு, தி. நகரில் துணிக்கடை வைத்திருந்த ஒருவரிடம் போனேன். கிளப்பிலேயே நன்றாக ஓட்டுகிறவர். படிவத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் வருவீங்க, அப்புறம் கல்யாணம்னு போயிடுவீங்க. எங்க நேரத்த எதுக்குங்க வீணாக்குறீங்க?" என்று திருப்பிக் கொடுத்தார்.

வேறொருவரிடம் கையெழுத்து வாங்கிச் சேர்ந்தேன். இரண்டு வருடம் ஒரு ஞாயிறு விடவில்லை. அந்தத் துணிக்கடைக்காரரை ஒரு முறையாவது தோற்கடிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் என்னை விடியற்காலையில் எழுப்பியது. நல்ல எண்ணம் என்று சொல்லவில்லை. இருந்தது, சொல்கிறேன்.

செயலாளர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரில் நடந்துகொள்ளும் முறைகளை எங்களுக்கு மனப்பாடமாக்கியிருந்தார். யாருக்கு யார் வழி விடுவது, மீனவர் வலை பக்கம் ஏன் போகக் கூடாது என்று நிறைய உண்டு. முக்கியமானது சைகை. விழுந்தவர் ஒரு கையை உயர்த்தினால், நன்றாக இருக்கிறேன், நீ போ என்று அர்த்தம். இரண்டு கைகளையும் வீசினால் உதவி வேண்டும். அப்படிக் கேட்பவரை விட்டுவிட்டுப் போகிறவரின் பெயர் கிளப்பில் இருக்காது.

அந்த ஆடி மாதம், கோவாவில் நடக்கவிருந்த போட்டிக்குக் கிளப் ஒரே ஒரு பெயரைத்தான் அனுப்ப முடியும். யார் என்று முடிவு செய்ய எங்களுக்குள்ளேயே ஒரு பந்தயம். அன்று காலையில் மேற்குக் காற்று பலமாக இருந்தது. கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று. மீட்புப் படகு ஓட்டிய குப்பத்து மீனவர் என்னிடம், "காத்து இன்னிக்கு சரியில்லம்மா. வுயுந்தா பலகைய வுட்டுடாத, கெட்டியா புட்ச்சிக்கினு இரு" என்றார். படகு ஒன்றுதான் இருந்தது.

ஏழு பேர் கிளம்பினோம். இரண்டாவது சுற்றில் முன்னால் துணிக்கடைக்காரர், அடுத்து நான், மற்றவர்கள் வெகு பின்னால். கடலுக்குள் இருந்த மிதவையை நெருங்கும்போது அவர் பாய் பட்டென்று மறுபக்கம் அடித்து அவரைத் தூக்கி எறிந்தது. தாண்டும்போது பார்த்தேன். தலை தெரிந்தது. பலகை பக்கத்திலேயே கிடந்தது. ஒரு கை மேலே இருந்தது.

போ என்கிறார். போனேன். மனசுக்குள் ஒரே கொண்டாட்டம்.

மிதவையைச் சுற்றிக் கரைப் பக்கம் திரும்பியதும் இன்னொரு முறை பார்த்தேன். கை அப்படியே இருந்தது. கையைக் காட்டிவிட்டுப் பலகையில் ஏறுவதுதான் வழக்கம். இவர் ஏறவில்லை. மூச்சு வாங்குகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். கரையில் கொட்டகை தெரிந்தது. படகு கரையோரத்தில் விழுந்த இரண்டு பேரை ஏற்றிக்கொண்டிருந்தது.

மறுபடியும் பார்த்தேன். பலகை அவரை விட்டுத் தள்ளிப் போயிருந்தது. கை இன்னும் மேலேதான்.

'நீ போ' என்று அவர் ஒரு கையைத் தூக்கவில்லை. தூக்க முடிந்தது ஒரு கைதான். அது அந்த நொடியில்தான் புரிந்தது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை பார்த்தபோதே புரிந்துவிட்டது.

திருப்பினேன். காற்று பின்னாலிருந்து தள்ளியதில் எப்படி நின்றேன் என்றே தெரியவில்லை. பக்கத்தில் பாயைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பலகையில் மண்டியிட்டு, அவருடைய லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். இடது தோள் மூட்டு கழன்று தொங்கியது. நிறைய தண்ணீர் குடித்திருந்தார். பேச்சு வரவில்லை. அவர் நெஞ்சைப் பலகை மேல் ஏற்றிவிட்டு, இரண்டு கைகளையும் வீசிக் கத்தினேன். கரை சின்னதாகிக்கொண்டே போனது. படகு வருவதற்குள் எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டுவிட்டேன்.

"கைய ஆட்டாத நைனா, ஒண்ணும் ஆவாது" என்று மீனவர் அவரைத் தூக்கிப் படகில் கிடத்தினார்.

சாயங்காலம் கமிட்டி கூடியது. தாண்டும்போது என்ன பார்த்தாய் என்று செயலாளர் கேட்டார். "ஒரு கை சார்" என்றேன். உண்மைதானே. உதவப் போனதால் பந்தயத்தை விட்டவருக்கு இடம் பறிபோகக் கூடாது என்று ஒரு விதி உண்டு. என் பெயரைக் கோவாவுக்கு எழுதினார்கள். கைதட்டினார்கள்.

மறுநாள் அடையாறில் அவர் இருந்த நர்சிங் ஹோமுக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்க வெளியே போனார். கதவு மூடியதும் அவர் சொன்னார்:

"நீங்க மூணு தடவை பாத்தீங்க."

கையிலிருந்த ஆப்பிள் பையை மேஜை மேல் வைத்தேன்.

"கமிட்டியில சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும்ங்கறது உங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான். நாலாவது தடவை பாத்திருந்தா கை இருந்திருக்காதுங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மனைவி வந்துவிட்டார். ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீ மட்டும் திரும்பலேன்னா என் புள்ளைங்க கதி என்னம்மா?" என்று அழ ஆரம்பித்தார். கட்டிலில் இருந்தவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையை விடுவித்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.