கழற்றக் கூடாத கல்

முப்பது வருடம் கனிமப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் எங்கள் பீர்க்கன்கரணை அடுக்ககத்தில் என் படிப்பு பயன்பட்டது, லிஃப்ட் பழுதுக்குப் புகார் எழுத மட்டும்தான். ஆகவே மேல் வீட்டு டீச்சர் வலது ஆள்காட்டி விரலை நீட்டியபடி வந்து நின்றபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

விரலில் மஞ்சள் கல் மோதிரம். மகளுக்கு வரன் அமைய ஜோசியர் போடச் சொன்ன கனக புஷ்பராகம். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், கழற்றக் கூடாதாம். அன்று முப்பத்தோராம் நாள். மறுநாள் டீச்சருக்கு முதுகுவலிக்காக எம்ஆர்ஐ ஸ்கேன். பொட்டு நகைகூட இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"போலின்னா கழட்டிடறேன் சார். அசல்னா ஸ்கேனைத் தள்ளிப் போட்டுடுவேன்."

"வலி?"

"பொறுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை கேளம்பாக்கத்துலேருந்து பொண்ணு பார்க்க வராங்க."

போலியாக இருக்கவேண்டும் என்று கல்லைக் கொண்டுவந்த முதல் ஆள் இவர்தான்.

முறைப்படி கல்லைத் தனியே எடுத்து, காற்றிலும் நீரிலும் எடைபோட்டு அடர்த்தி காண வேண்டும். ஒளியை ஊடே செலுத்திப் பார்க்க வேண்டும். இங்கே கல்லுக்குப் பின்னால் டீச்சரின் விரல். கீறிப் பார்த்துக் கடினம் அறிவது நகையைக் கெடுக்கும் வேலை. மிச்சமிருந்தது லென்ஸ்.

ஜன்னலோரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பட்டைகளின் விளிம்புகள் கூராக இல்லை. சப்பிய கல்கண்டு மாதிரி மழுங்கியிருந்தன.

"பாத்திரம் நீங்களே தேய்க்கறீங்களா டீச்சர்?"

"வேலைக்காரம்மா ஒரு மாசமா லீவு. அதுக்கும் இதுக்கும் என்ன சார்?"

துலக்கும் பவுடரில் இருக்கும் மணல்தூள் கண்ணாடியைத் தேய்க்கும். புஷ்பராகத்தை ஒன்றும் செய்யாது. நான் செய்யத் தயங்கிய பரிசோதனையை அவர் தினமும் இரண்டு வேளை செய்திருக்கிறார். ஈரத்துணியால் துடைத்து மறுபடி பார்த்தேன். ஆழத்தில் உருண்டையாக ஒரு காற்றுக்குமிழி. பூமிக்குள் விளைந்த கல்லில் அப்படி இருக்காது.

"கண்ணாடிதான்," என்றேன்.

"அப்ப இந்த வரன் எப்படி சார் வந்துது?"

"அதைப் பார்க்க என்கிட்ட லென்ஸ் இல்லை."

தேங்காயெண்ணெய் தடவி மோதிரத்தை உருவினார். ஒளியை ஊடே விட்டுப் பார்த்துவிடலாம் என்று ஆசையோடு கையை நீட்டினேன். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ஸ்கேன் முடிஞ்சதும் போட்டுக்கணும் சார். ஞாயித்துக்கிழமை தாண்டட்டும், அப்புறம் பார்த்துக்குங்க."